சுண்டெலிக் கருவின் குடல் சோதனைகள்: எங்கே தவறுகிறது என்று அறிகுறி வாரியாகத் தேடுவது

பத்தரை நாள் கருவின் குடல் தையல் நூல் கனம்கூட இருக்காது. அதைப் பிரித்தெடுத்து, நிறமேற்றி, படம் பிடித்து, "மரபணுத் திரிபு உள்ள கருவில் குடல் பின்தங்கியிருக்கிறது" என்று எழுதுவதற்குள் தவறு நுழையப் பல வாசல்கள் உண்டு. எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர்களோடு உட்கார்ந்து தேடியதை இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடந்ததோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும். பணமும் மாதங்களும் கேட்கும் காரணம் கடைசியில் வரும்.

எந்த அறிகுறியானாலும் நான் முதலில் கேட்கும் கேள்விகள் மூன்று. இந்தக் கருவின் உண்மையான வயது என்ன? இந்தத் துண்டு குடலில் எந்த இடம்? ஒப்பிட்ட கன்ட்ரோல் (திரிபு இல்லாத ஒப்பீட்டுக் கரு) அதே ஈற்றைச் சேர்ந்ததா? குடலில் பல மாற்றங்கள் வாய்ப்பக்கத்திலிருந்து வால்பக்கமாக நகர்ந்துகொண்டே நடக்கின்றன. அதனால் வயதில் ஒரு பிழையும் இடத்தில் ஒரு பிழையும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும், இரண்டுமே பார்ப்பதற்கு நல்ல கண்டுபிடிப்பு போல இருக்கும்.

வயதை எல்லாரும் குறிப்பது போலவே குறிக்கிறேன்: பிளக் (இணை சேர்ந்த பின் பெண் எலியின் பிறப்புறுப்பில் உறைந்து நிற்கும் அடைப்பு) கண்ட நாளின் நண்பகல் 0.5 நாள்.

## பிளக் இருந்தது, திறந்தால் கரு இல்லை

பிளக் இருந்தால் இணை சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சினை பிடித்ததா என்பதை அது சொல்லாது.

எடை பார்த்தீர்களா? ஆணோடு சேர்ப்பதற்கு முன் ஒரு எடை, 9 அல்லது 10-ஆம் நாளில் இன்னொரு எடை. இரண்டு கிராம் வாக்கில் கூடியிருந்தால் பெரும்பாலும் சினைதான். எடை கூடாத எலியைத் திறக்க வேண்டாம், மறுபடி சேர்க்கலாம். ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும், வீணாகப் போகும் உயிர்கள் குறையும். இதைச் செய்யாத ஆய்வகங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பிளக்கை எத்தனை மணிக்குப் பார்க்கிறீர்கள்? சில மணி நேரத்தில் அது விழுந்துவிடும். காலையில் முதல் வேலையாகப் பாருங்கள். மதியம் பார்த்து "இல்லை" என்று எழுதி, மறுநாள் காலை பிளக்கைக் கண்டால், அது எந்த இரவில் நடந்தது என்ற குழப்பம் அடுத்த தலைப்பு வரை உங்களோடு வரும்.

எலிகளின் நிலை. பெண் எலி 8 முதல் 12 வாரம் என்றால் நல்லது. ஆணைத் தனிக் கூண்டில் வைத்து, ஒரு பிளக்குக்குப் பின் இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுங்கள். சேர்ப்பதற்கு மூன்று நாள் முன்பே ஆணின் அழுக்குப் படுக்கையைக் கொஞ்சம் பெண்களின் கூண்டில் போட்டு வைத்தால், அவற்றின் பருவச் சுழற்சி ஒன்றுசேர்ந்து ஒரே இரவில் பல பிளக் கிடைக்கும்.

அறை. விளக்கு டைமர் சரியாக ஓடுகிறதா? பக்கத்தில் கட்டட வேலை, துளையிடும் சத்தம், அதிர்வு ஏதாவது உண்டா?

கருப்பையில் கரிய சிறு முடிச்சுகள் தெரிந்தால் அது வேறு கதை. கரு பதிந்து, பிறகு கரைந்திருக்கிறது. ஜீனோடைப் (மரபணு வகை) தலைப்புக்குப் போங்கள்.

*விலங்குக்கூட மருத்துவரை அழைக்கும் கட்டம்:* வெவ்வேறு ஆண்கள், வெவ்வேறு பெண்கள், ஐந்தாறு பிளக், ஒரு சினைகூட இல்லை. அப்போது கூடத்தின் நோய்ப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

## ஒரே பிளக் நாள், கருக்களோ ஒரே வயதில் இல்லை

அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சுண்டெலிக் கருவுக்கு அரை நாள் என்பது நீண்ட காலம். சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சோமைட் (முதுகுப் பக்கம் வரிசையாக வரும் திசுக் கட்டி) உருவாகிறது என்றால், அரை நாளில் ஐந்தாறு சோமைட் வந்துவிடும். ஒரே தாயின் வயிற்றில் அடுத்தடுத்து இருக்கும் கருக்களுக்குள்ளேயே இந்த அளவு வித்தியாசம் இருக்கலாம். பிளக் தேதி தாய்க்குத்தான் பொருந்தும். கருவின் வயதைக் கருவிடமே கேட்க வேண்டும்.

11.5 நாள் வரை சோமைட் எண்ணுங்கள். 9.5 நாள் கருவில் 21 முதல் 29 வரை இருக்கும், 10.5 நாளில் 35 முதல் 39, 11.5 நாளில் 45 முதல் 47. எண்ணிக்கையை ஒவ்வொரு கருவின் குழாயிலும் எழுதுங்கள். "சுமார் 10.5" என்று எழுதியது எதற்கும் உதவாது.

அதற்கு மேல் கைகால்களைப் பாருங்கள். 13-ஆம் நாளில் முன்கைத் தட்டின் விளிம்பில் விரல்களுக்கு நடுவே பள்ளம் விழும். 14-இல் கைவிரல்களின் நுனி பிரியும். 15-இல் கால்விரல்கள் பிரியும். 16-ஆம் நாள் வாக்கில், தொப்புள் வழியாக வெளியே தள்ளியிருந்த குடல் வளையம் வயிற்றுக்குள் திரும்பும். ஆனால் குடல் மரபணுவை ஆராயும்போது வயதைக் குறிக்கக் குடல் வளையத்தை நம்பாதீர்கள். எதை அளக்கப்போகிறோமோ அதையே அளவுகோலாக வைப்பது சரியாகாது. மரபணு கைகால்களையும் தொடுகிறது என்றால் விரல்களும் உதவாது. வேறு உறுப்பைத் தேட வேண்டும்.

ஒரு முறை எங்களிடம் 14.5 நாள் கருக்களின் வெட்டுகள் வந்தன. கன்ட்ரோல்களின் முன்சிறுகுடலில் குடலுறிஞ்சிகள் அழகாக எழும்பத் தொடங்கியிருந்தன. திரிபுக் கருக்களில் எபிதீலியம் (குடலின் உட்புற அடுக்கு) தட்டையாகவே இருந்தது. மூன்று வாரம் அதை வைத்தே பேசிக்கொண்டிருந்தோம். பிறகு, பிரித்தெடுத்த அன்று எடுத்த முழுக் கருப் படங்களைத் திறந்து விரல்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். திரிபுக் கருக்கள் எல்லாம் அரை நாள் இளையவை. விரல்களால் வயது பொருத்தி மறுபடி ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் போய்விட்டது. குடலுறிஞ்சிகள் முன்சிறுகுடலில் 14.5 நாள் வாக்கில் முதலில் எழுந்து, பின்பக்கம் பரவ ஒன்றிரண்டு நாள் எடுக்கும். அந்த வயதில் அரை நாள் என்றால் உண்டு, இல்லை என்ற அளவுக்கு வித்தியாசம் தெரியும்.

அன்றிலிருந்து, பிரித்தெடுக்கும் ஒவ்வொரு கருவையும் அளவுகோலோடு ஒரு படம் எடுத்த பிறகுதான் ஃபோர்செப்ஸ் தொட வேண்டும் என்பது எங்கள் ஆய்வகத்தில் விதி.

திரிபுக் கரு முழுவதுமே சிறியதா? உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை நீளத்தை அளந்து, இதயமோ நுரையீரலோ ஒன்றை ஒப்பிடுங்கள். எல்லாமே பின்தங்கியிருந்தால், குடலைப் பற்றித் தனியாக எதுவும் சொல்ல முடியாது. மரபணுவைக் குடலில் மட்டும் நீக்கும் திட்டத்துக்கு மாற வேண்டும். இது மாதக்கணக்கில் எலிகளைப் பெருக்கும் வேலை. அதில் இறங்குமுன் மேலே சொன்ன இலவசச் சோதனைகள் எல்லாம் முடிந்திருக்கட்டும்.

## வேண்டிய ஜீனோடைப் கிடைக்கவே இல்லை

முதலில் கணக்கு. இரண்டு ஹெட்டிரோசைகஸ் (மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் திரிபு உள்ள) பெற்றோர் என்றால் திரிபுக் கரு நான்கில் ஒன்று. எட்டுக் கரு உள்ள ஈற்றில் ஒன்றாவது கிடைக்க 90 சதவீத வாய்ப்பு. பத்து ஈற்றில் ஒன்று வெறுங்கையோடு போவது இயல்பு. எட்டில் ஒன்று வரும்படி சேர்த்திருந்தால், அதே எட்டுக் கருவில் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 66 சதவீதம்தான். மூன்று ஈற்றில் ஒன்று ஏமாற்றும். பல சமயம் சேர்க்கையை மாற்றினாலே போதும்: க்ரீ (மரபணுவை வெட்டி நீக்கும் என்சைம்) உள்ள, ஒரு ஃப்ளாக்ஸ் பிரதி (க்ரீ வெட்டுவதற்கான குறி வைத்த பிரதி) கொண்ட ஆணை, இரண்டு ஃப்ளாக்ஸ் பிரதியும் உள்ள பெண்ணோடு சேர்த்தால் எட்டில் ஒன்று நான்கில் ஒன்றாக உயரும்.

அடுத்து தாயின் கலப்படம். எல்லாக் கருவும் ஹெட்டிரோசைகஸ் என்று வருகிறதா? ஜெல்லில் மங்கலாக ஒரு கூடுதல் பட்டை தெரிகிறதா? டிஎன்ஏ எடுக்கும் மஞ்சட்கருப்பையோடு (கருவைச் சுற்றிய உறை) தாயின் திசு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அதை மூன்று முறை பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கழுவுங்கள்; கருவுக்குக் கரு ஃபோர்செப்ஸைத் துடையுங்கள்; 11 நாளுக்கு மேல் என்றால் வால் நுனியிலிருந்தே டிஎன்ஏ எடுங்கள்.

கண்ணால் சரிபார்க்கும் வழி உண்டா? சில மரபணுக்களுக்கு உண்டு. ரெட் மரபணு முற்றிலும் இல்லாத கருவில் இரைப்பைக்குக் கீழே குடல் நரம்புகள் இருக்காது. சிறுநீரகமும் இல்லாமலோ மிகவும் சுருங்கியோ இருக்கும். அந்தக் கருக்கள் பிறக்கும் வரை உயிரோடு இருந்து, பிறந்து ஒரு நாளுக்குள் இறந்துவிடும். ஆகவே 18.5 நாளில் ரெட் திரிபுக் கரு ஒன்றுகூட இல்லை என்று பிசிஆர் (டிஎன்ஏ-வைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) சொன்னால், பிசிஆர் மேல்தான் முதல் சந்தேகம் வர வேண்டும். சிறுநீரகத்தைப் பாருங்கள்.

கடைசியாக, கரு முன்பே இறந்துவிடுகிறதா? கரைந்த முடிச்சுகளை எண்ணி எழுதுங்கள். அவை நான்கில் ஒரு பங்கை நெருங்கினால், இரண்டிரண்டு நாளாகப் பின்னோக்கிப் போய், திரிபுக் கருக்கள் கடைசியாக உயிரோடு இருக்கும் நாளைக் கண்டுபிடியுங்கள்.

*உதவி கேட்கும் கட்டம்:* முப்பது நாற்பது கரு ஜீனோடைப் செய்தும் விகிதம் வரவில்லை என்றால், எலி வரிசையைப் பராமரிப்பவரோடு உட்கார்ந்து பெற்றோரின் ஜீனோடைப்பை முதலிலிருந்து சரிபாருங்கள்.

## எடுக்கும்போது குடல் அறுகிறது, எந்தத் துண்டு எது என்று தெரியவில்லை

12 முதல் 16 நாள் வரை நடுக்குடலின் பெரும்பகுதி தொப்புள் கொடியின் அடிப்பகுதியில் இருக்கிறது. கொடியை வயிற்றை ஒட்டி வெட்டினால் குடலையும் சேர்த்து வெட்டிவிடுவோம். கொடியைத் தள்ளி வெட்டி, வளையத்தை உறையிலிருந்து மெல்ல விடுவியுங்கள். பாதிக் குடல் காணவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கருவை எடுத்த முதல் நிமிடத்திலேயே அதைக் கொடியோடு தட்டில் விட்டிருப்பார்கள்.

ஃபோர்செப்ஸ் முனை வளைந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பாருங்கள். வளைந்த முனை குடலைக் கவ்வி இழுக்கும். குளிர்ந்த பிபிஎஸ்-இல் வேலை செய்யுங்கள். குடலைப் பிடிக்காமல், அதோடு ஒட்டியுள்ள மெசென்டரியை (குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வு) பிடித்துத் தூக்குங்கள்.

இடம் தெரிந்துகொள்ள இரண்டு அடையாளம் போதும்: ஒரு முனையில் இரைப்பை, நடுவில் பக்கவாட்டில் மொட்டுப்போல் நீட்டியிருக்கும் சீக்கம் (பெருங்குடல் தொடங்கும் இடத்துப் பை). இந்த இரண்டையும் துண்டிக்காமல் ஃபிக்ஸ் செய்து (திசு கெடாமல் ரசாயனத்தால் உறுதியாக்கி), பிறகு வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் இரைப்பையிலிருந்து சீக்கம் வரையிலான நீளத்தில் எத்தனை சதவீதத்தில் எடுத்தது என்று குறியுங்கள். "சிறுகுடலின் நடு" என்று இருவர் வெட்டும் துண்டுகள் பல நேரம் ஒரே இடமாக இருக்காது.

வெட்டுகளில் எபிதீலியம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரிந்தால் குடல் சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது. சுருண்ட குடலை அப்படியே பொதித்தால் ஒவ்வொரு வளையமும் ஒவ்வொரு கோணத்தில் வெட்டுப்படும். துண்டுகளை நேராக்கி, அகாரோஸில் நிற்க வைத்துப் பொதியுங்கள். குறுக்கு வெட்டு வட்டமாக இல்லாத படத்தில் தடிமனை அளக்க வேண்டாம்.

முதிர்ந்த கருக்கள் பிராணவாயுக் குறைவைத் தாங்கும் திறன் கொண்டவை. தாய்க்குச் செய்த முறையே அவற்றுக்கும் போதும் என்று எண்ணக் கூடாது. உங்கள் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த முறை இந்த வயதுக்கும் பொருந்துகிறதா என்று முதல் நாளே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

## நிறமேற்றம் சரியாக வரவில்லை

### வெளிப்பக்கம் மட்டும் ஒளிர்கிறது, உள்ளே இருட்டு

ஆன்டிபாடி உள்ளே போகவில்லை. முதலில் நேரத்தைக் கூட்டுங்கள். 14 நாளுக்கு மேற்பட்ட முழுக் குடலுக்கு ஓரிரவு போதாது. 4 டிகிரியில் இரண்டு மூன்று நாள் கொடுங்கள், கழுவுவதற்கும் ஒரு முழு நாள் விடுங்கள். டிரைட்டானை (செல் சவ்வைத் திறந்துவிடும் சோப்பு போன்ற பொருள்) 0.5 முதல் 1 சதவீதம் வரை ஏற்றிப் பாருங்கள். அப்போதும் வரவில்லையா? ஃபிக்ஸ் அதிகமாகியிருக்கலாம். 10.5 நாள் குடலுக்கு 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் ஒன்றிரண்டு மணி நேரம் போதும். வெள்ளிக்கிழமை மாலை போட்டுத் திங்கட்கிழமை எடுத்த மாதிரி எந்த ஆன்டிபாடிக்கும் ஒத்துழைக்காது. எதற்கும் அசையாவிட்டால் முழுக் குடலை விட்டு வெட்டுகளுக்கு மாறுங்கள்.

### எல்லாமே ஒளிர்கிறது

முதன்மை ஆன்டிபாடி போடாத கன்ட்ரோல் வைத்தீர்களா? அதுவும் ஒளிர்ந்தால் மூன்று காரணம் இருக்கலாம். ரத்தச் சிவப்பணுக்கள் தாமாகவே ஒளிரும்; வெளுப்பு கொடுத்தால் குறையும். சுண்டெலியில் தயாரித்த ஆன்டிபாடி என்றால், அதைத் தேடும் இரண்டாம் ஆன்டிபாடி திசுவில் ஏற்கனவே உள்ள சுண்டெலி ஆன்டிபாடியையும் பிடிக்கும். முயலிலோ ஆட்டிலோ தயாரித்ததற்கு மாறுங்கள். குழாயின் உள்வெளி மட்டும் ஒளிர்ந்தால் ஆன்டிபாடி உள்ளே தேங்கியிருக்கிறது. குடலின் இரு முனையையும் திறந்துவிட்டுக் கழுவுங்கள்.

### ஊதாவோ நீலமோ பரவிக் கிடக்கிறது

இது குடலுக்கே உரிய தொல்லை. இன்சிட்டுவில் (ஒரு புரோப்பால் ஆர்என்ஏ-வைத் திசுவிலேயே காட்டும் முறை) நிறம் தருவது ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற என்சைம். குடலிலும் சொந்தமாக அந்த என்சைம் உண்டு. மற்ற உறுப்புகளில் லெவாமிசோல் போட்டால் அடங்கிவிடும். குடல் வகை அதற்கு அடங்காது. எல்லாரும் லெவாமிசோல் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பதால் மாதக்கணக்கில் இது கண்ணில் படாமல் போகும். புரோப் போடாத ஒரு குடலை நிறக் கரைசலில் வைத்துப் பாருங்கள். அதுவும் ஊதாவானால் பெராக்சிடேஸ் முறைக்கோ ஒளிரும் முறைக்கோ மாறுங்கள். 9, 10 நாள் பின்குடலில் தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அந்த நாட்களில் இனச்செல்களின் முன்னோடிகள் பின்குடல் வழியாக நகர்ந்துகொண்டிருக்கும். அவற்றிலும் இந்த என்சைம் நிறைய உண்டு. சூடுபடுத்தாத முறைகளில் அவை நன்றாகவே நிறமேறும்.

எக்ஸ்-கால் (மாற்று மரபணுவின் என்சைம் உள்ள இடத்தை நீலமாக்கும் பொருள்) நீலமும் இப்படித்தான். பிறப்பை நெருங்கும் கருவின் எபிதீலியத்தில் லாக்டேஸ் வந்துவிடும், அது சொந்தமாகவே நீலம் காட்டும். கரைசலின் பிஹெச் 7.3-க்குக் கீழே இறங்கியிருந்தால் மற்ற சொந்த என்சைம்களும் சேர்ந்துகொள்ளும். பிஹெச்சை அளந்து கொஞ்சம் ஏற்றுங்கள். மாற்று மரபணு இல்லாத ஈற்றுத் துணையை எப்போதும் கூடவே நிறமேற்றுங்கள்.

## நரம்புமுகட்டு செல்கள் பாதி வழியில் நின்றுவிட்டன போலத் தெரிகிறது

ஹிர்ஷ்ஸ்பிரங் நோயை மனதில் வைத்து வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இங்கே வந்து சேர்வார்கள். ஐயாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குப் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்புச் செல்களே இல்லாமல் போகும் நோய் அது. நம் படத்தில் ஒரு தவறு இருந்தால் அதன் நிழல் அந்த ஆராய்ச்சி மேலும் விழும் என்பதால், இந்த அறிகுறியில் நான் யாரையும் அவசரப்பட விடுவதில்லை.

இயல்பான கால அட்டவணை. நரம்புமுகட்டு செல்கள் (குடல் நரம்புகளை உருவாக்க இடம்பெயர்ந்து வரும் கருச் செல்கள்) 9.5 நாள் வாக்கில் முன்குடலுக்குள் நுழையும். 11.5 நாள் வாக்கில் சீக்கத்தை அடையும். 14 நாள் வாக்கில் பெருங்குடலின் கடைசியைத் தொடும். 12.5 நாளில் பெருங்குடலின் பின்பாதி காலியாக இருப்பது இயல்புதான். அதை நோய் என்று எழுத வேண்டாம்.

எந்த அடையாளத்தால் பார்க்கிறீர்கள்? டியூஜே1 நரம்பாக மாறத் தொடங்கிய செல்களைத்தான் காட்டும். முன்னணியில் போகும் செல்களில் பெரும்பாலானவை இன்னும் மாறாதவை. டியூஜே1 மட்டும் வைத்தால் முன்னணி உண்மையைவிடப் பின்னால் தெரியும். பின்குடலின் கடைசியில் நேர்மாறான ஏமாற்று உண்டு: வெளியிலிருந்து வரும் இடுப்பு நரம்பு இழைகளும் டியூஜே1-இல் ஒளிரும், செல்கள் வந்துவிட்டன என்று நினைக்க வைக்கும். சாக்ஸ்10 முன்னோடிகளையும் கிளியா செல்களையும் (நரம்புக்குத் துணையான செல்கள்) காட்டும், நரம்பான பிறகு மறையும். ஃபாக்ஸ்2பி குடலுக்குள் வந்த நரம்புமுகட்டு செல்களை எல்லா நிலையிலும் காட்டும். முன்னணியை அளப்பதற்கு ஃபாக்ஸ்2பி-யையே நம்புங்கள். மற்ற இரண்டையும் கூடவே வையுங்கள்.

எதனால் வகுக்கிறீர்கள்? மைக்ரோமீட்டரில் தூரம் மட்டும் எழுதினால் குட்டையான குடல் பின்தங்கியதாகத் தெரியும். சீக்கத்திலிருந்து பெருங்குடல் முடிவு வரையிலான நீளத்தில் எத்தனை சதவீதம் கடந்தது என்று எழுதுங்கள்.

தாமதமா, நிற்பதா? இது ஒரே வயதுப் படத்தில் தெரியவே தெரியாது. இன்னும் இரண்டு வயது சேருங்கள்: 12.5, 14.5, கூடவே 16.5 அல்லது 18.5. தாமதம் என்றால் பிறகு ஈடுகட்டிவிடும். எண்டோதீலின்-3 இல்லாத கருக்களில் சீக்கத்தருகே தாமதமும் உண்டு, பெருங்குடலின் கடைசி நிரம்பாமல் போவதும் உண்டு. இரண்டையும் காண மூன்று வயதும் தேவை.

எலியின் பின்புலம். இதே திரிபு ஒரு வகை எலியில் பெருங்குடலைக் காலியாக்கும், இன்னொன்றில் லேசாகத்தான் தெரியும். கலப்புப் பின்புல எலிகளை வாங்கிச் சேர்த்திருந்தால் முடிவு சிதறுவதில் வியப்பில்லை. ஒரே பின்புலத்துக்குக் கொண்டுவரப் பத்துத் தலைமுறை திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டும். இந்தத் தலைப்பில் மிக விலையுயர்ந்த தீர்வு இதுதான், அதனால்தான் கடைசியில் சொல்கிறேன்.

## வளர்ப்புத் தட்டில் குடல் சுருங்குகிறது, கறுக்கிறது, செல்கள் நகரவில்லை

திரவத்தின் உயரத்தைப் பாருங்கள். 0.4 மைக்ரோமீட்டர் துளைச் சவ்வின் மேல் குடல் படுத்திருந்தால், கீழே உள்ள திரவம் சவ்வைத் தொட்டு நனைத்தால் போதும். மேலே ஏறிக் குடலை மூழ்கடித்தால் காற்று கிடைக்காமல் நடுப்பகுதி செத்துப்போகும். திரவம் குறைவாக இருந்தால் ஓரங்கள் காய்ந்துவிடும்.

தட்டில் பிரித்தெடுக்க எத்தனை நேரம் ஆகிறது? ஒரு ஈற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் இருவராகச் செய்யுங்கள். கார்பன் டை ஆக்சைடு இல்லாத மேசையில் சாதாரண வளர்ப்புத் திரவத்தின் பிஹெச் ஏறி இளஞ்சிவப்பாகும். வெளியே இருக்கும் நேரத்துக்கு ஹெப்பிஸ் கலந்தது அல்லது எல்-15 வைத்துக்கொள்ளுங்கள்.

செல்கள் மட்டும் நகரவில்லை, குடல் நலமாக இருக்கிறது என்றால் மெசென்டரியைப் பற்றிக் கேட்பேன். 11 நாள் வாக்கில் நடுக்குடலும் பின்குடலும் கொண்டை ஊசிபோல் அருகருகே இருக்கும்போது, ஒரு பகுதி நரம்புமுகட்டு செல்கள் குடல் வழியே சுற்றிப் போகாமல் மெசென்டரியைக் குறுக்கே கடந்து பின்குடலுக்குத் தாவுகின்றன. குடல் அழகாக நேராக வர வேண்டும் என்று மெசென்டரியைச் சுத்தமாக உரித்துவிட்டால் அந்தப் பாலத்தையே அறுத்துவிட்டோம். பிறகு மருந்தால்தான் நகர்வு நின்றது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

மருந்து கொடுக்கும் சோதனையில் கன்ட்ரோலுக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ (மருந்தைக் கரைக்கும் திரவம்) வேண்டும், 0.1 சதவீதத்தைத் தாண்டாமல். சீரம் புதிய பாட்டில் திறந்த நாளைக் குறித்து வையுங்கள். இரண்டு பாட்டிலை ஒரே சோதனைக்குள் கலக்க வேண்டாம்.

*உதவி கேட்கும் கட்டம்:* மருந்தே இல்லாத குடலும் 48 மணி நேரம் தாங்கவில்லை என்றால், இதைத் தொடர்ந்து செய்துவரும் ஓர் ஆய்வகத்துக்கு இரண்டு நாள் போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். எழுதிய செய்முறையில் கையின் அசைவு இருக்காது.

## க்ரீ போட்டும் ஒன்றும் மாறவில்லை, அல்லது டமாக்சிஃபென் கொடுத்ததும் கரு கலைகிறது

க்ரீ எந்த நாளில் விழிக்கிறது? வில்லின்-க்ரீ குடல் எபிதீலியத்தில் 12.5 நாள் வாக்கில்தான் தொடங்கும், எல்லாச் செல்லையும் பிடிக்க இன்னும் நாளாகும். பத்தாம் நாள் கேள்விக்கு அது பதில் தராது. சோனிக் ஹெட்ஜ்ஹாக்-க்ரீ முன்பே தொடங்கும். ஆனால் நுரையீரல், கைகால் மொட்டு, நரம்புக்குழாயின் அடித்தளம் எல்லாவற்றிலும் வேலை செய்யும். மீசன்கைமுக்கு (எபிதீலியத்தைச் சுற்றிய திசு) வேறு க்ரீ, நரம்புமுகட்டுக்கு வேறு க்ரீ. ஒளிரும் அறிக்கை எலியோடு (க்ரீ வேலை செய்த செல்கள் மட்டும் ஒளிரும் எலி) ஒரு முறை சேர்த்து, உங்கள் கையில் உள்ள க்ரீ உங்கள் வயதில் எங்கெல்லாம் எரிகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். மரபணு நீங்கிய பிறகும் புரதம் ஒன்றிரண்டு நாள் தங்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

சில க்ரீ வகைகளை வேண்டிய நாளில் விழிக்க வைக்கும் மருந்தான டமாக்சிஃபென் சினை எலிக்குச் சுமை. அளவு கூடினால் கரு கலையும். கலையாமல் போனால் பிரசவம் தடைப்படும். முதலில் அளவைக் குறையுங்கள். பிறகு அதன் பாதி அளவு புரோஜெஸ்டிரோன் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். பிறந்த பின் பார்க்க வேண்டிய சோதனை என்றால் அறுவை மூலம் குட்டிகளை எடுத்து வளர்ப்புத் தாயிடம் விடும் ஏற்பாடு தேவைப்படும். அதற்கு மருத்துவரும் நெறிமுறைக் குழுவின் திருத்திய ஒப்புதலும் முன்கூட்டியே வேண்டும். கன்ட்ரோல் தாய்களுக்கும் அதே டமாக்சிஃபென் போக வேண்டும். க்ரீ உள்ள, ஒரு ஃப்ளாக்ஸ் பிரதி மட்டும் கொண்ட ஈற்றுத் துணைகளையும் கன்ட்ரோலில் சேர்க்க வேண்டும். வெறும் எண்ணெய் போட்ட ஈற்றோடு ஒப்பிட்டால் மருந்தின் விளைவும் மரபணுவின் விளைவும் பிரியாது.

## ஆர்என்ஏ உடைந்து வருகிறது

முன்சிறுகுடல் மாதிரிகள் மட்டும் கெடுகின்றனவா? கணையம் ஒட்டியிருக்கும். முதிர்ந்த கருவில் அது ஆர்என்ஏ-வைச் சிதைக்கும் என்சைம்கள் நிறைந்த உறுப்பு. முதலில் அதை அகற்றிவிட்டுக் குடலை எடுங்கள். எல்லாப் பகுதியும் கெட்டால் நேரம்தான் காரணம்: குடலை எடுத்தவுடன் சிதைப்புக் கரைசலில் போடுங்கள், ஈற்று முடியும் வரை பிபிஎஸ்-இல் காத்திருக்க வைக்காதீர்கள். ஒற்றைச் செல் வேலையில் ஃபாஸ், ஜுன் என்ற மரபணுக்கள் எல்லாச் செல்லிலும் உயர்ந்திருந்தால் அது 37 டிகிரியில் பிரித்ததன் அதிர்ச்சி. குளிரில் வேலை செய்யும் புரோட்டியேஸுக்கு மாறுங்கள்.

## ஒரு ஈற்றில் பிரமாதமாக வருகிறது, அடுத்ததில் காணோம்

ஒரே தாயின் வயிற்றில் இருந்த மூன்று திரிபுக் கரு மூன்று தனிச் சோதனை ஆகாது. ஒரே பிளக் நாள், ஒரே தாயின் உணவு, ஒரே நாள் நிறக் கரைசல். அவற்றை மூன்று என்று எண்ணினால் புள்ளியியல் மென்பொருள் நட்சத்திரங்களைத் தாராளமாகத் தரும், அடுத்த ஈற்று அவற்றைப் பறித்துக்கொள்ளும். ஈற்றை அலகாக வையுங்கள்: குறைந்தது மூன்று நான்கு ஈற்றுகள், ஒவ்வொன்றிலும் திரிபும் கன்ட்ரோலும் இருக்க வேண்டும். திரிபு மட்டும் கிடைத்து கன்ட்ரோல் கிடைக்காத ஈற்றை வேறொரு நாளின் கன்ட்ரோலோடு சேர்க்கும் ஆசை வரும். வேண்டாம்.

அளப்பவருக்கு ஜீனோடைப் தெரியுமா? தெரிந்தால் நேர்மையான கையும் சாயும். குழாய்களுக்கு எண் மட்டும் போட்டு, அளவுகள் எல்லாம் பதிவான பிறகு ஜீனோடைப் பட்டியலைத் திறங்கள்.

ஆண், பெண் கலந்திருக்கிறதா? ஜீனோடைப் டிஎன்ஏ-விலேயே இன்னொரு பிசிஆர் போட்டால் தெரிந்துவிடும். அந்த நெடுவரிசையைக் காலியாக விடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்தும் சிதறல் அடங்கவில்லை என்றால் புள்ளியியலாளரிடம் போங்கள். சோதனை முடிந்த பிறகு போனால், எது தவறு என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடியும். அடுத்த சுற்றுக்கு எலிகளைச் சேர்க்கும் முன்பே போங்கள். கையில் மூன்று காகிதம் இருக்கட்டும்: ஒன்றில் ஒவ்வொரு ஈற்றிலும் எத்தனை கரு, அவற்றில் எத்தனை திரிபு; இரண்டாவதில் சோமைட் எண்ணிக்கையோ விரல் நிலையோ; மூன்றாவதில் கன்ட்ரோல் குடல்களை மட்டும் அளந்ததில் ஈற்றுக்கு ஈற்று எவ்வளவு வேறுபாடு. எத்தனை தாய் எலி தேவை என்பதை அந்த மூன்றாவது காகிதத்தை வைத்துத்தான் அவர் கணக்கிடுவார். நெறிமுறைக் குழுவின் விண்ணப்பத்தில் எழுத வேண்டிய எண்ணும் அதுவே.